மீன் தொட்டிக்கு மட்டும் பெயரில்லை

கிளீவ்லண்டில் எங்கள் யூத முதியோர் இல்லத்தில் எதைத் தொட்டாலும் யாராவது ஒருவருடைய உபயம். நூலகம் ஒரு பல் டாக்டர் குடும்பத்துடையது. குடிதண்ணீர்க் குழாய்க்கு மேல் இரண்டு சகோதரிகளின் பெயர், யார் மூத்தவர் என்று சண்டை வராதபடி வட்டமாக எழுதப்பட்டிருக்கும். எல்லாம் ஹெர்ஷல் ஸெல்கின் விற்றவை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த இல்லத்துக்கு நன்கொடை திரட்டுவதே அவர் உத்தியோகம்.

மற்ற வசூல்காரர்கள் இரக்கத்தை நம்பினார்கள். சக்கர நாற்காலியில் சிரிக்கும் கிழவிகளின் படத்தை அச்சடித்து அனுப்பினார்கள். ஸெல்கின் நம்பியது வயிற்றெரிச்சலை. இரக்கம் மத்தியானச் சாப்பாட்டோடு செரித்துவிடும், எரிச்சலுக்குத்தான் மருந்து கிடையாது என்பார்.

ஒருநாள் நாற்காலி சோபா வியாபாரி தபாச்னிக்கின் கடைக்குப் போய், விற்காத சோபா ஒன்றில் சாய்ந்துகொண்டார்.

"உங்க தங்கச்சி வீட்டுக்காரரோட லிஃப்ட்டைப் பாத்தீங்களா?"

"எந்த லிஃப்ட்?"

"காட்ஸன்பெர்க் லிஃப்ட். எங்க இல்லத்துல."

"அந்தப் பழைய இரும்புக்காரன் பேர்ல லிஃப்ட்டா? கல்யாணத்துக்கு அவன் போட்டுட்டு வந்த கோட்டே இரவல்யா!"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? லிஃப்ட் நல்லா மேல போகுது."

அந்த வருஷமே இல்லத்தின் மூன்றாம் மாடி தபாச்னிக் மாடி ஆயிற்று. காட்ஸன்பெர்க் லிஃப்ட்டில் யார் ஏறினாலும் தபாச்னிக் மாடியில்தான் இறங்க வேண்டும். மச்சான்கள் இருவரும் அதற்குப் பிறகு ஸெல்கினை மட்டும்தான் நம்பினார்கள்.

வசந்தகாலம் வந்தால் இல்லத்தில் ஒரு விருந்து நடக்கும். ஒருவரை மேடையேற்றி விருது கொடுப்பார்கள். அவருடைய சிநேகிதர்களும் அவருக்குப் பயந்தவர்களும் மேஜை மேஜையாக இடம் வாங்குவார்கள், அந்தப் பணம் இல்லத்துக்கு. விருதுக்கு ஆள் பொறுக்கும்போது ஸெல்கின் குழுவினருக்குச் சொல்லுவது ஒன்றே. "நல்லவனான்னு பாக்காதீங்க. அவன் ஃபோன் பண்ணா எவனும் மாட்டேன்னு சொல்லக் கூடாது, அப்படி ஆளாப் பாருங்க." புகழுரை எழுதுவதும் அவரே. மேடையில் அது வாசிக்கப்படும்போது அவர் சமையலறைக் கதவோரம் நிற்பார். அவருடைய கோழி ஆறிக்கொண்டிருக்கும். கைதட்டல் எழும்போதெல்லாம் நெஞ்சுக்குக் கீழே ஏதோ சுரண்டும். ஊரையே எரியவைத்தவருக்கு அது என்னவென்று தெரியாமலா இருக்கும்?

எதிர்த் தெருவில் எங்கள் சமூகத்துப் பள்ளிக்கூடம். அதற்கு வசூல் செய்பவள் மார்ஷா பாமரான்ஸ். வேலைக்கு வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை.

"அவளுக்கு என்ன கஷ்டம்?" என்பார் ஸெல்கின். "குழந்தைங்கள நிறுத்திப் பாட வெச்சா எல்லாரும் அழுதுக்கிட்டே பர்ஸைத் திறப்பாங்க. நம்ம ஆளுங்க மேடையில ஏத்தினா தூங்கிடறாங்க."

ஸெல்கின் ஓய்வு பெறவிருந்த வருஷம். காலையில் ரொட்டியும் ஹெர்ரிங் மீனுமாக உட்கார்ந்து வாரப் பத்திரிகையைப் பிரித்தவர், மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் மனைவி பெஸ்ஸி.

"இல்ல. பள்ளிக்கூடத்து விருந்துல மார்ஷாவுக்கு விருதாம்."

"ஐயோ, அது அதைவிட மோசமாச்சே."

அன்றைக்கே இல்லத்தின் தலைவர் நார்மன் கெல்ப்ஃபிஷைப் போய்ப் பார்த்தார். தனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாததால் நாக்கு புரளவில்லை.

"இந்த வருஷ விருது... எனக்குக் கொடுத்தா என்னன்னு..."

கெல்ப்ஃபிஷ் சிரித்துவிட்டார். "உனக்கா? உனக்காக யாருப்பா மேஜை வாங்குவான்? இதெல்லாம் நீ எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தானே!"

ஸெல்கின் தலையாட்டிவிட்டு எழுந்தார். கதவருகே தொப்பியை வைத்துக்கொள்ளும்போது, ஏதோ மறந்ததுபோலத் திரும்பினார்.

"பள்ளிக்கூடத்துத் தலைவரைப் பாத்தேன். 'நாங்க எங்க ஊழியருக்கு மரியாதை பண்றோம், எதிர் வீட்டுக்காரங்க வழக்கம் எப்படியோ'ன்னார். ரொம்ப வருத்தமாத்தான் சொன்னார், பாவம்."

"அவனா சொன்னான்? அவனா?"

பள்ளிக்கூடத்துத் தலைவர் அப்படிச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை. பொழுது சாயுமுன் ஸெல்கினுக்கு விருது முடிவாகிவிட்டது.

மேஜைகளை விற்க வேண்டியதும் அவரேதான். காட்ஸன்பெர்க்கிடம் தபாச்னிக் மேடைக்கு எவ்வளவு பக்கத்தில் உட்காருகிறார் என்று சொன்னார். தபாச்னிக்கிடம் காட்ஸன்பெர்க் எங்கே உட்காரக் கேட்கிறார் என்று சொன்னார். கூடம் நிரம்பி வழிந்தது.

அவர் பெயரில் பலகை வைக்க இடம்தான் இல்லை. எல்லாவற்றையும் விற்றுத் தீர்த்தவர் அவர். மிச்சம் இரண்டே: கோட்டு மாட்டும் அறையின் கதவு, வாசல் கூடத்து மீன் தொட்டி. தொட்டியை யாருமே வாங்கியதில்லை. வெள்ளி சாயங்காலம் தொடங்கும் எங்கள் ஓய்வுநாளில் ஒரு மீன் செத்தால் அதைத் தொடக் கூடாது. சனிக்கிழமை இருட்டும்வரை அது உங்கள் பெயருக்கு மேலே மல்லாந்து மிதக்கும். உயிரோடிருக்கிற எவனுக்கு அது பிடிக்கும்? ஸெல்கினுக்குக் கோட்டு அறை கிடைத்தது.

விருந்தன்று கெல்ப்ஃபிஷ் புகழுரை வாசித்தார். இரண்டாவது வரியிலேயே ஸெல்கினுக்குத் தெரிந்துவிட்டது. தான் காட்ஸன்பெர்க்குக்கு எழுதியது, பெயர் மட்டும் மாறியிருக்கிறது. "பழைய இரும்புக்குள் தங்கத்தைக் கண்டவர்" என்று கெல்ப்ஃபிஷ் உருக்கமாகச் சொன்னபோது, "அது என்னுதுய்யா!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

ஸெல்கின் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. அவர் கண் மார்ஷாவின் மேஜையை விட்டு அகலவேயில்லை. அவள் முகம் கொஞ்சம் வாடினால் போதும், இத்தனை வருஷத்துக்கும் கூலி கிடைத்த மாதிரி. அவளோ நூடுல்ஸ் போட்டுச் சுட்ட குகல் பலகாரத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். மார்ஷா கோட்டு அறை வாசலில் நின்று, கதவிலிருந்த பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"பித்தளையா?"

"பித்தளைதான்."

"எனக்கு ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கொடுத்தாங்க. வீட்ல அலமாரிக்குள்ள கிடக்கு. யாரு பாக்கறா?" குரல் ஒரு படி ஏறியது. "ஆமா... மொத்தம் எத்தனை மேஜை போச்சு?"

அந்தப் பார்வையை ஸெல்கினுக்குத் தெரியும். தபாச்னிக்கின் கடையிலே பார்த்தது. முப்பது வருஷமாக அடுத்தவர் கண்ணில் அவர் கொளுத்திவைத்தது, இன்று அவருக்காகவே எரிந்தது. அப்படியே வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ஆனால் கை கேட்கவில்லை. அவளுடைய கோட்டை எடுத்து, அவள் மாட்டிக்கொள்ள வாகாகப் பிடித்தபடி சொன்னார்:

"மீன் தொட்டி இன்னும் யாருக்கும் போகல மார்ஷா. வாசல்லயே இருக்கு. உள்ள வர்றவங்க கோட்டைக் கழட்டறதுக்கு முன்னாடியே அதைத்தான் பாப்பாங்க."

"முன்னாடியேவா?"

"முன்னாடியே."

"மீன் செத்துச்சுன்னா?"

"நல்ல மீனாப் பாத்து விடச் சொல்றேன்."

இப்போது அது பாமரான்ஸ் மீன் தொட்டி. பலகை ஸெல்கினுடையதைவிட ஒரு விரற்கடை அகலம். ஓய்வு பெற்றும் ஸெல்கின் சனிக்கிழமை காலை தவறாமல் இல்லத்துக்கு நடந்து வருகிறார், முதியவர்களோடு பிரார்த்தனை செய்ய என்று பெஸ்ஸியிடம் சொல்லிவிட்டு. கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே தொட்டியருகே போய், தண்ணீரின் மேல்பரப்பை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்க்கிறார்.

மீன்கள் எல்லாம் நல்ல திடமாக நீந்திக்கொண்டிருக்கின்றன.