சருகு காட்டிய வீடு

ஸ்டுட்கார்ட்டில் வீட்டு வியாபாரம் செய்யப்போகிறேன் என்று வேலையை விட்டபோது மனைவி சண்டை பிடிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, டிசம்பர் நத்தாருக்குள்ள ஒரு வீடாவது விற்று முடியவேணும். இல்லாட்டி பேசாமல் பழைய பக்டரிக்கே போங்கோ" என்றாள்.

வீடு விற்க நினைப்பவரை, விளம்பரம் வருமுன்பே கண்டுபிடித்து, வாங்கக் காத்திருப்பவரிடம் சேர்த்துவிடுவதுதான் என் தொழில். நடுவில் எனக்கொரு பங்கு. விளம்பரத்துக்கு வந்துவிட்டால் இந்த ஊரில் விலை கிட்டப்போக ஏலாது. அதனால் நான் வாசல்களைப் பார்த்துக்கொண்டு அலைந்தேன். இங்கே சனிக்கிழமை வாசல் கூட்டாவிட்டால் அயலட்டை முகம் சுளிக்கும். கூட்டாமல் கிடந்தால், உள்ளே ஏலாத ஆள் என்று அர்த்தம்.

கார்த்திகையில் அப்படி ஒரு வாசல் கிடைத்தது. படி தெரியாமல் சருகு! மணியை அடித்தேன். ஊன்றுகோலோடு வந்த ஜெர்மன்காரம்மா, கூரை ஒழுகுகிறது, திருத்தத் தெம்பில்லை, விலையைக் குறைத்தே கொடுக்கலாம், ஆனால் மகளைக் கேட்கவேண்டும் என்றார்.

துள்ளிக்கொண்டு திரும்பியவன் பாதி வழியில் நின்றுவிட்டேன். எனக்குக் காட்டிக்கொடுத்த சருகு, என்னைப்போல் அலையும் இன்னொருவனுக்கும் காட்டிக்கொடுக்காதா? அடுத்த சனிக்கிழமை தும்புத்தடியோடு போய் அந்த வாசலைக் கூட்டினேன். அதற்கடுத்த சனியும் போனேன்.

"எங்கட படியைக் கூட்டச் சொன்னா நாரி நோகுது, குனிய ஏலாது எண்டுவியள்!" என்று மனைவி பொரிந்தாள்.

மூன்றாம் சனி கதவு திறந்தது.

"ஏன் கூட்டுறீர்?" என்றார் அந்த அம்மா.

வயதான உங்களுக்கு உதவி என்று சொல்லப் பொய் தயாராக இருந்தது. அவர் குளிரில் வீட்டுச் செருப்போடு நின்றார். அந்தப் பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை.

"வேற வியாபாரி ஆரும் இந்த வீட்டைக் கண்டுபிடிக்கக் கூடாது எண்டுதான். இதில எனக்கும் பங்கிருக்கு."

போச்சு, எல்லாம் போச்சு, இனிப் பக்டரிதான் என்று நினைத்தேன். அவரோ கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உதவி எண்டு பொய் சொல்லியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பன். மகள் ஓம் எண்டிட்டாள். வீட்டை எழுதிக்குடுக்க நோட்டாரிட்ட நாள் கேட்டு டெர்மின் எடும்."

நத்தாருக்கு முந்தின வாரமே நோட்டார் முன் எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். என்னிடம் சொல்லிவைத்துக் காத்திருந்து வாங்கிய இளம் தம்பதி அங்கேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி அழுதாள், பிறகு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே தும்புத்தடியை என் கையில் தந்து எங்கள் படிக்கட்டைக் காட்டினாள்.

மேலிருந்து கீழ்வரை கூட்டினேன். நாரி நோகவே இல்லை.