மஞ்சள் விமானத்தின் வால்

லியோனுக்குத் தொழில் உடைந்த படகு ஒட்டுவது. ஊர்காவற்றுறையில் எந்தப் பைபர் படகு கல்லில் மோதி வெடித்தாலும் அவனுடைய கொட்டிலுக்குத்தான் வரும். கண்ணாடி நாரை விரித்துப் பிசின் பூசி, காயவிட்டு, தேய்த்துக் கொடுப்பான். அந்தத் தூளில் வருடம் முழுக்க உடம்பு அரிக்கும். சோறு போட்ட தொழில் அது. மனம் இருந்த இடம் வேறு.

அவன் காலத்துப் பிள்ளைகள் விமானச் சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடியவர்கள். இவனும் ஓடினான், ஆனால் குழிவாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பான். அதற்காகத் தாயிடம் வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை. குண்டு போட வந்ததை ரசித்த ஒரே பிறவி என்று ஊர் இன்னும் அவனைக் கேலி செய்கிறது. அவன் ரசித்தது குண்டையல்ல. அவ்வளவு பெரிய இரும்பு சாய்ந்து, திரும்பி, நிமிர்கிறதே, அதைத்தான். விமானி ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடமே பாதியில் நின்றுபோனது. உன்னால் ஏலாது என்று யாரும் சொல்லக்கூட இல்லை. அவன் யாரிடமும் கேட்டால்தானே.

கலியாணம் முடித்த பிறகுதான் சின்ன விமானங்கள் செய்யத் தொடங்கினான். பொம்மை என்று சொன்னால் முகம் கறுக்கும். மீன் அடைக்கிற, பஞ்சுபோலப் பாரமில்லாத ரெஜிபோம் பெட்டிகளை அறுத்துச் சிறகு செய்வான். மேலே மெல்லிய பைபர் பூச்சு, மூக்கில் மோட்டார், கையில் ரேடியோ கருவி. முதலில் செய்தவை எழும்பவே இல்லை. படகுக்காரன் கை அல்லவா, ஒரு பூச்சு கூடப் பூசினால் நல்லது என்றே பழகியிருந்தது. பாரம்தான் விமானத்துக்கு எமன் என்பதை ஒவ்வொன்றாக உடைத்து உடைத்துப் படித்தான். சிறகுக்குக் கீழே இரண்டு விரல்களைக் கொடுத்துத் தூக்கினால் மூக்கு கொஞ்சம் தாழவேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவிடக் கூடாது. இதுதான் அவனுடைய வேதம்.

பின்னேரங்களில் மாடு மேய்கிற தரவை வெளியில் மஞ்சள் விமானம் ஒன்றை ஏற்றிவிடுவான். அது குட்டிக்கரணம் போடும், தலைகீழாகப் போகும், நிலத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது நிமிரும். மாடு கட்ட வந்தவர்கள் மாட்டை மறந்து நிற்பார்கள். ஊரில் அவனை மனிதனாகப் பார்த்த நேரம் அது ஒன்றுதான் என்று நான் சொல்வேன்.

யாரோ அதைப் படமெடுத்துப் போட்டதைக் கொழும்பில் சஞ்சீவன் என்பவர் பார்த்தார். ஓய்வுபெற்ற விமானி. ஒரு பறப்புக் கழகம் நடத்துகிறார். சின்ன விமானம் ஓட்டப் பழக்க ஆள் தேவை, நேரில் பார்த்துப் பிடித்தால் கூட்டிப்போகிறேன் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: கழகத்தில் இரண்டுபேர் இருந்து போகிற உண்மையான விமானம் இருக்கிறது, வேலைக்கு வந்தால் அதையும் ஓட்டப் பழகலாம். அதைக் கேட்ட நாளிலிருந்து லியோன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மனைவி சுகந்தியும் சாப்பிடவில்லை. அவளுடைய காரணம் வேறு.

எங்கள் கரையில் புதுப் படகு இறக்குமுன் சுவாமியார் தீர்த்தம் தெளிப்பார். அது ஊருக்கு. வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. படகின் பின்பக்கம், எஞ்சின் பூட்டுகிற இடத்துக்குக் கீழே, வீட்டுப் பெண்கள் ஒரு அந்தோனியார் பதக்கத்தைப் பசை வைத்து ஒட்டிவிடுவார்கள். தடித்த பித்தளை. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் வேறு யார் இருக்கிறார்கள்? சுகந்தியின் தம்பி மிரோஜன் புதுப் படகு வாங்கியபோது, பருவம் தொடங்கிவிட்டது, பதக்கத்தை வாற ஞாயிறு ஒட்டுவம் என்று சொல்லிவிட்டுப் போனான். நெடுந்தீவுக்கு அப்பால் எஞ்சின் நின்றதாகப் போனில் சொன்னான். பிறகு படகும் இல்லை, அவனும் இல்லை. புதைக்கக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. பதக்கம் ஒட்டியிருந்தால் தம்பி வந்திருப்பான் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் காலையில் எழும்புகிறாள். இப்போது புருஷனும் வானத்துக்குப் போகப்போகிறான்.

சஞ்சீவன் வருகிற நாளன்று காலை, விமானம் விடப்போவதாகக் கடற்படைக்குச் சொல்ல லியோன் போயிருந்தான். சுகந்தி விமானத்தைத் திருப்பினாள். வால்பக்கம் கம்பிகள் போகிற சின்ன மூடியைத் திறந்தாள். படகில் எங்கே வைப்பார்களோ அங்கேதானே வைக்கவேண்டும். பதக்கத்தைப் பசையிட்டு ஒட்டி, கும்பிட்டு, மூடியை மூடினாள்.

லியோன் வந்தபோது சஞ்சீவனின் வாகனம் வாசல் படலையில் நின்றது. முதல்நாள் மாலைதான் விரலில் தூக்கிப் பார்த்திருந்தான். மறுபடி பார்க்கவில்லை.

தரவையில் விமானம் ஏறியதும் மூக்கு மேலே மேலே போயிற்று. காற்று என்று நினைத்து அடக்கினான். சுற்றவிட்டான், குட்டிக்கரணம் போடவிட்டான். சஞ்சீவன் தலையை ஆட்டுவது கடைக்கண்ணில் தெரிந்தது. சந்தோஷத்தில் தலைகீழாகத் திருப்பினான். விமானம் ஒரு கணம் வானத்தில் தொங்கிற்று. பிறகு சுழன்றுகொண்டே வந்து, மணவறை பார்ப்பதுபோலக் கூடிநின்ற சனத்துக்கு கைவிரித்து அளந்தால் இரண்டு பாகம் தள்ளிக் குத்திற்று.

லியோன்தான் முதலில் ஓடினான். உடைந்த வாலுக்குள் பதக்கத்தைக் கண்டான். யார் வைத்தது, எப்போது வைத்தது என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லத் தேவையில்லை. பிய்த்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டான்.

சஞ்சீவன் வந்து உடைசலைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"வால் பாரமாய் இருந்திருக்கு. அதுக்குள்ள என்ன வைச்சனீர்?"

கையை விரித்தால் போதும். வேலை, கொழும்பு, அந்த இரண்டாவது இருக்கை, எல்லாம் அந்தக் கைக்குள் இருந்தது. எதிரே சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஒண்டும் வைக்கேல்ல, சேர். பாரம் பார்க்க மறந்துபோனன்."

சஞ்சீவன் உடைந்த சிறகைக் குனிந்து எடுத்து அவனிடம் கொடுத்தார். அவர் கெட்டவரல்ல.

"நீர் கெட்டிக்காரன், லியோன். ஆனா பிள்ளையள் நிக்கிற இடத்தில பாரம் பார்க்காமல் விடுற ஆளை நான் கொண்டுபோக ஏலாது."

அதுதான் முடிவு. வாகனம் போனபிறகும் லியோன் வெயிலில் நின்றான். அழுதான் என்று சிலர் சொல்கிறார்கள். அழட்டுமே, அவனுக்கு வேறென்ன இருந்தது.

அதன்பிறகு அவன் விமானம் செய்யவில்லை. படகு ஒட்டக் கொடுத்தவர்கள்கூட இப்போது ஒட்டிய இடத்தை விரலால் தட்டிப் பார்த்துத்தான் எடுத்துப் போகிறார்கள். கவனமில்லாதவன் என்று பெயர் விழுந்துவிட்டது. அவன் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தேய்க்கிறான்.

போன கிழமை, படகு எடுக்க வந்த ஒருத்தி சுகந்தியிடம் அந்த நாளைப்பற்றிக் கதை கேட்டாள். லியோன் கவிழ்த்த படகுக்கு அடுத்த பக்கம் இருந்தான்.

"நான் அந்தோனியாரை வைச்சனான் அக்கா," என்றாள் சுகந்தி. "அதாலதான் சனத்துக்கு மேல விழேல்ல. என்ர பங்கை நான் செய்தனான். இவர் தன்ர பங்கைச் செய்யேல்ல, பாரம் பார்க்கேல்ல." பிறகு படகுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னப்பா, நான் சொல்லுறது சரிதானே?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றான் லியோன்.