நாலாம் நம்பர்

வெர்மான்ட் மலைகளுக்கு நடுவே எங்கள் பள்ளத்தாக்கில் டோரீன் பெல்கியின் குரலுக்குப் பயப்படாத பிள்ளை கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். மேப்பிள் இலை சிவக்க ஆரம்பித்ததும், சனிக்கிழமைகளில் அதே பிள்ளைகளை மலைக்கு ஓட்டிக்கொண்டு போவாள். சம்பளம் கிடையாது. பெற்றவர்களிடமிருந்து நன்றியும் அவ்வளவாகக் கிடையாது; நானும் பெற்றவள்தான், தெரிந்துதான் சொல்கிறேன். “உனக்கு ஓய்வே வேணாமா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அஞ்சு நாளும் இதுங்கள கண்ணாடியிலதான் பாக்குறேன். ஒரு நாளாவது நேர்ல பாக்க வேணாமா?” என்றாள்.

அவள் நடைக்குச் சட்டங்கள் உண்டு. வேட்டைக் காலம் என்பதால் எல்லோரும் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டாக வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில் தொங்கும். வழி தவறினால் அலையக் கூடாது. பக்கத்து மரத்தைக் கட்டிக்கொண்டு ஊத வேண்டும். விளையாட்டுக்கு ஊதினால் விசில் டோரீனின் பைக்குள் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே எண்ணிக்கை. ஏழு பிள்ளைகள், பிள்ளைக்கு ஒரு நம்பர். போகிற வழியில் அவள் திடீரென்று “எண்ணு!” என்று கத்துவாள். ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் குரல் வர வேண்டும். பேருந்திலும் இதே கதைதான். நடையில் துணைக்கு நானும் லைல் என்ற இளைஞனும் போவோம்; வரிசையில் கடைசியாக வருவது லைல்.

மூன்றாம் நம்பர் சைலஸ். ஏழு வயது. நான்காம் நம்பர் அவன் தங்கை ஹாட்டி. வீட்டுக்குள் அவள் வாயாடியாம், அவள் அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வாசலைத் தாண்டிவிட்டால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். எங்களில் ஒருவரும் அவள் குரலைக் கேட்டதில்லை. அதனால் சைலஸே “மூணு நாலு” என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிடுவான்.

“அந்தப் பொண்ணு வாயைத் திறக்கப் போறா, இவன் முந்திக்கிறான் பாரு” என்று ஒருநாள் டோரீனின் காதைக் கடித்தேன்.

“பாத்தேன். உதடு அசையுது. விடு, தானா வரும்.”

விட்டுவிட்டோம்.

அந்த அக்டோபர் சனிக்கிழமை காலையில் ஹாட்டிக்கு விசில் மேல் ஆசை வந்துவிட்டது. பேசாத பிள்ளைக்கு ஊதுவது பிடித்துவிட்டது போலிருக்கிறது. அடிவாரத்திலிருந்தே ஊதிக்கொண்டு வந்தாள். டோரீன் சொல்லிப் பார்த்தாள், மறுபடியும் சொல்லிப் பார்த்தாள், கடைசியில் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். “சாப்பாட்டு நேரத்துல தரேன்.”

பிள்ளையின் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. எனக்கு எரிச்சல் வந்தது. “சின்னப் பிள்ளை, விடேன் டோரீன்.”

“இவளை விட்டா எல்லாம் ஊதும். அப்புறம் நெஜமா ஊதும்போது யாரு திரும்பிப் பாப்பா?”



மேலே, காட்டுக்குள் ஓடும் பழைய கல்சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் மகன் ஓட்டிஸ் சூடான கோக்கோவைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டான். டோனட்டுக்கு அடிதடி நடந்தது. கிளம்புகிற அவசரத்தில் விசில் யாருக்கும் நினைவில்லை. இறங்கும்போது டோரீன் வழக்கம்போல் “எண்ணு!” என்றாள். ஏழும் சரியாக வந்தது.

ஓடையைக் கடக்க ஒற்றை மரப்பாலம்தான். டோரீன் நடுவில் நின்று ஒவ்வொரு கையாகப் பிடித்து அனுப்பினாள். சைலஸைக் கடத்திவிட்டு அடுத்த கையைப் பிடித்தாள். அது கடைசியாக நடந்துவந்த லைலுடைய கை. ஆறாம் நம்பர் அதற்குள் அவன் தோளில் தூங்கிப்போயிருந்தது. மற்றவர்கள் முன்னாலேயே கடந்துவிட்டிருந்தார்கள்.

“ஹாட்டி எங்க?”

சைலஸ் திரும்பிப் பார்த்தான். “பின்னாடிதானே வந்தா?”

“இப்பத்தானேடா நாலு சொன்னே?”

“நான் எப்பவும் சொல்வேனே” என்றவன் குரல் பாதியிலேயே உடைந்தது.

 கடைசியாக வருகிறவனுக்கு இருக்கிற ஒரே வேலை, தனக்குப் பின்னால் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. “ஏன் லைல், கண்ணை எங்க வச்சிருந்தே?” என்று பாய்ந்தேன்.

“நான் கிளம்புறப்ப அங்க ஒருத்தருமே இல்ல, சத்தியமா!”

“சண்டையை வீட்ல போய்ப் போடுங்க” என்றாள் டோரீன். போனில் சிக்னல் கிடைக்கும் இடம் பார்த்துக் காட்டு அதிகாரிகளைக் கூப்பிட லைலைக் கீழே ஓடச் சொன்னாள். தூங்கிய பிள்ளை என் தோளுக்கு வந்தது. பிள்ளைகளை ஒரே கயிற்றைப் பிடிக்கவைத்து மேலே திருப்பினாள். “ஒருத்தியைத் தேடப் போய் இன்னொண்ணைத் தொலைக்க மாட்டேன்.”

கல்சுவரில் யாரும் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். காடு முழுக்க ஆரஞ்சு இலை, அதற்குள் ஒரு ஆரஞ்சுச் சட்டையை எங்கே போய்த் தேடுவது? வேட்டைக்காரர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று போட்ட நிறம், எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி வெடித்தது. சைலஸ் துள்ளி விழுந்தான். வெயில் மலைமுகட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. வெர்மான்ட் அக்டோபரில் வெயில் போனால் குளிர் வாசலிலேயே காத்திருக்கும்.

தன் விசிலை எடுக்க டோரீன் பைக்குள் கையை விட்டாள். கையோடு இரண்டு வந்தன. ஒன்று ஹாட்டியுடையது, இளஞ்சிவப்புக் கயிறு கட்டியது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எங்கிட்ட இருக்கு” என்றாள். “ஊதுறதுக்கு அவகிட்ட ஒண்ணுமில்ல. எங்கிட்ட இருக்கு.”

‘நான் அப்பவே சொன்னேனே’ என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தபின் அதைச் சொல்கிறவள் மனுஷியே இல்லை.

ஓட்டிஸும் மற்றவர்களும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். சைலஸ் அழுதுகொண்டே சொன்னான்: “கத்தாதீங்க. கத்துனா அவ பேசவே மாட்டா. வீட்லயும் அப்படித்தான்.”

டோரீன் மெல்ல அவன் பக்கம் திரும்பினாள். மண்டியிட்டு அவன் தோளைப் பிடித்தாள். “சைலஸ், இப்ப எண்ணப் போறோம். நீ மூணு மட்டும் சொல்லணும். நாலு சொல்லவே கூடாது. முடியுமா?”

அவன் தலையாட்டினான்.

“எண்ணு!” அன்றுவரை கேட்டறியாத மெதுவான குரல்.

“ஒண்ணு.”

“ரெண்டு” என்றான் ஓட்டிஸ்.

“மூணு.” சைலஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

காத்திருந்தோம். இலை விழுகிற சத்தம் கேட்டது. வேறொன்றும் இல்லை.

சுவரைச் சுற்றி இடப்பக்கம் போகும் பாதையில் கொஞ்ச தூரம் போய் மறுபடி எண்ணினோம். மூன்றுக்குப் பிறகு ஒன்றுமில்லை. பொத்திய கைக்குள் சைலஸ் விம்மினான். நான் கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டேன். இன்னும் கொஞ்சம் இறங்கினோம். இருட்டு அடிமரங்களில் ஏறத் தொடங்கியிருந்தது.

“எண்ணு.”

“ஒண்ணு.”

“ரெண்டு.”

“மூணு.”

“நாலு.”

சின்னக் குரல், கீழே பள்ளத்திலிருந்து. எல்லோரும் குரல் வந்த பக்கம் திரும்பினோம். ஐந்தாம் நம்பர் பிள்ளை மட்டும் பழக்கதோஷத்தில் “அஞ்சு” என்றது.

டோரீன் சறுக்கிக்கொண்டே இறங்கினாள். சொல்லிக்கொடுத்தபடி வழவழத்த பட்டையுள்ள பீச் என்ற காட்டு மரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள் ஹாட்டி. மரத்தில் அழுத்தி அழுத்திக் கன்னம் சிவந்திருந்தது. கிளம்புகிற அவசரத்தில் இடப்பக்கப் பாதையில் திரும்பிவிட்டவள், பக்கத்து மரம் பிடிக்காமல் இன்னும் நல்ல மரமாகத் தேடித் தேடி இறங்கியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. டோரீன் அவளை அள்ளிக் கட்டிக்கொண்டாள். ஹாட்டி திமிறிக் கையை விலக்கி, உள்ளங்கையை நீட்டினாள்.

“சாப்பாட்டு நேரத்துல தரேன்னு சொன்னீங்க.”

டோரீன் அழுததை அன்றுதான் பார்த்தேன். விசிலை அந்தக் கழுத்தில் மாட்ட அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. “தப்பு என்னோடது கண்ணு. ஊது. எவ்வளவு வேணும்னாலும் ஊது” என்றாள்.

ஹாட்டி ஊதினாள். அடிவாரம்வரை ஊதினாள். அதிகாரிகளோடு ஏறிவந்த லைல் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எங்கள் பக்கம் ஓடிவந்தான். என் காது இரண்டும் அடைத்துவிட்டன. நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.