நஷ்டம் விசாரிக்க வந்தவருக்கு வடை பாயசம்

இன்று மத்தியானம் திருச்செங்கோட்டில், என் மச்சினன் வீட்டுக் கூடத்தில்...

சர்க்கார் அதிகாரி ஒருவர், "உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறார்.

மச்சினன், "நஷ்டமுங்களா? எங்களுக்கா?" என்று சிரிக்கிறான்!

நான் மேஜைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதிக்கிறேன். (மிதிபட்டது அதிகாரியின் கால்.)

நம் வாசகசாலைப் பலகையில் நான் ஒட்டுவதையெல்லாம் படித்துவிட்டு, கீழே பென்சிலால் கிண்டல் எழுதும் அன்பு நண்பர்களே, முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

மச்சினன் நல்லசாமிக்குக் காகித விசிறித் தொழில். கொல்லிமலை மூங்கிலைச் சீவி, காகிதம் ஒட்டி, பூ அச்சடித்து விற்பான். கொட்டாயில் பன்னிரண்டு பெண்களுக்கு வேலை.

அப்புறம் கப்பலில் வந்து இறங்கியது ஜப்பான் விசிறி!

அந்த விலைக்கு நல்லசாமியால் வெறும் காகிதம்கூட வாங்க முடியாது. பன்னிரண்டு பேர் நான்கு பேரானார்கள். இப்படியே போனால் ஆடியில் கொட்டாயைப் பூட்ட வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் சர்க்கார் விசாரணை வைத்தது.

அந்த நாட்டு வியாபாரிகள் அடக்க விலைக்கும் கீழே இங்கே சரக்கைக் கொட்டுகிறார்களா, அவர்களுடைய சர்க்கார் பின்னால் நின்று பணம் கொடுக்கிறதா, அதனால் இங்கே தொழில் செய்பவனுக்கு அடி விழுந்ததா என்று பார்ப்பார்களாம். மூன்றும் ருசுவானால் அந்த ஜப்பான் சரக்குக்கு வரி போடுவார்களாம்.

முதல் இரண்டையும் பட்டணத்திலேயே பார்த்துக்கொள்கிறார்கள். நல்லசாமி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

அழ வேண்டும்!

நஷ்டத்தைச் சொல்லும் மனுவை எழுதிக் கொடுத்தது நான். (எழுதிவிட்டுப் படித்துப் பார்த்து நானே அழுதேன். என் எழுத்துக்கு அழுத ஒரே வாசகன்.)

நம் பக்கத்து ஆட்களின் குணத்தைத்தான் கணக்கில் எடுக்காமல் விட்டேன். விருந்தாளி வந்து "தொழில் எப்படி?" என்று கேட்டால், கூரை பற்றி எரிந்தாலும் "ஒரு கொறையுமில்லீங்க" என்கிற ஜாதியல்லவா நாம்?

காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது கொட்டாய்க்குப் புதுசாக வெள்ளை அடித்திருந்தது. வாசலில் பெரிய மாக்கோலம். உள்ளே பன்னிரண்டு பெண்கள்!

"ஏன் மாப்ளெ, நாலு பேருதான மிச்சம்?"

அவன் வாயைத் திறக்குமுன் அவன் மனைவி ராமாயி சொன்னாள்: "அக்கம்பக்கத்து ஊட்டுல இருந்து எட்டுப் பேரக் கூட்டியாந்து உக்கார வெச்சிருக்கறனுங்ணா. பெரிய மனுசரு வாரப்ப கொட்டாய் வெறிச்சுன்னு கெடந்தா நல்லாவா இருக்கும்?"

"சரி, விக்காத விசிறியெல்லாம் எங்கம்மா?"

"கண்ணுல படாம ஒதுக்கியாச்சுங்ணா!"



அதிகாரி வந்தார். தங்கமான மனிதர். கொட்டாய் எதிரே தெரியும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேள்வித் தாளை விரித்தார்.

"வியாபாரம் குறைஞ்சிருக்கா?"

"ஆண்டவன் புண்ணியத்துல ஓடுதுங்க."

"ஆட்களை நிறுத்தினீங்களா?"

"நிறுத்தறதுங்களா? நீங்களே பாருங்க சாமி!" (இரவல் பெண்கள் எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். ஒருத்தி காகிதத்தைத் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.)

"தேங்கின சரக்கு?"

"ஒண்ணுகூட இல்லீங்க!"

அதிகாரி பெருமூச்சு விட்டார். "போகட்டும். ஜப்பான் விசிறி ஒண்ணு மாதிரிக்கு வேணுமே, கிடைக்குமா?"

"அந்தக் கருமம் எங்க சொந்தபந்தத்துல ஒருத்தரு ஊட்டுலயும் இருக்காதுங்க!" என்று நல்லசாமி மீசையைத் தடவினான்.

அதிகாரி என் கையிலிருந்த விசிறியை மெதுவாக வாங்கினார். திருப்பினார்.

மூலையில் 'ஜப்பானில் செய்தது' என்று இங்கிலீஷ் முத்திரை!

"மச்சான்!!"

"என்னைய மொறைக்காத மாப்ளெ. உங்கக்காதான் சந்தையில வாங்குனா. சல்லிசாக் கெடச்சுதாம்."

கூடப்பிறந்த அக்காளே தம்பியின் விசிறியை வாங்கவில்லை! இதைவிட ருசு வேண்டுமா? அதிகாரியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அப்போதுதான் அவர் "எவ்வளவு நஷ்டம்?" என்று கேட்டதும், இவன் சிரித்ததும், நான் மிதித்ததும்.

அப்புறம் சாப்பாடு. வடை, பாயசம், மூன்று பொரியல், இலை நிறைய நெய். ராமாயி வைத்துக்கொண்டே இருந்தாள்.

கை கழுவி வந்த அதிகாரி சங்கடத்தோடு நோட்டை மூடினார். "பாதிப்பு இல்லைன்னுதான் எழுத வேண்டியிருக்கு. கண்ணால பார்த்ததைத்தானே நான் எழுத முடியும்?"

நல்லசாமியின் முகம் வெளுத்தது. மீசை துடித்தது. ஆனால் உண்மையைச் சொல்வானா? வழியனுப்ப எழுந்து நின்றான்.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப ராமாயிக்கு மனசு வருமா? ஒரு கட்டு விசிறியோடு ஓடி வந்தாள்.

"அம்மா, நான் விசாரணைக்கு வந்தவன். இதெல்லாம் வாங்கக் கூடாது."

"ரெண்டே ரெண்டு எடுத்துக்கங்க சாமி."

"கூடவே கூடாது. உங்களுக்குத்தானே நஷ்டம்?"

"என்னுங்க பெரிய நஷ்டம்? வாங்க நாதியில்லாம அட்டாலி பூராக் கட்டுக்கட்டா அடைஞ்சு கெடக்குது! போன வருசத்துச் சரக்க எலி கடிக்குது. நீங்க கொண்டுபோனா பாரமாச்சும் கொறையுமுங்க!"



அதிகாரி மாட்டிய செருப்பைக் கழற்றினார். மறுபடி பேனாவைத் திறந்தார்.

"ஏணி எங்கேம்மா இருக்கு?"

கூரைக்கடியில் இருந்த அட்டாலியிலிருந்து கட்டுகளை இறக்க இறக்க, கூடம் நிறைந்தது, வாசல் நிறைந்தது, மாக்கோலம் மறைந்தது. ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். கட்டிறக்க வந்த பெண்ணிடம், "நீ எத்தனை நாளா இங்கே வேலை செய்யறே?" என்று கேட்டார்.

"இன்னிக்குக் காத்தால இருந்துங்க!"

அதையும் எழுதிக்கொண்டார்.

புறப்படும்போது, "பலத்த பாதிப்புன்னு எழுதிட்டேன். வரி போடறது மேலிடத்து முடிவு. ஆனா உங்க பேரு கணக்கிலே ஏறிடுச்சு" என்றார். விசிறி மட்டும் வாங்கவில்லை. (ராமாயிக்கு அதில் இன்னும் வருத்தம்.)

வண்டி தெருமுனை திரும்பியது. நல்லசாமி கண் கலங்க என் கையைப் பிடித்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மச்சான், வெரசா இந்தக் கட்டுகளையெல்லாம் அட்டாலிக்கு ஏத்தோணும். தெருவுல பாத்தா நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

ஏற்றி முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சேலம் திரும்பி இதை எழுதுகிறேன்.

நண்பர்களே, சர்க்காரைத் தவிர வேறு யார் கேட்டாலும் சொல்லுங்கள்: நல்லசாமிக்கு விசிறி வியாபாரம் ஓகோவென்று நடக்கிறது!