மேசைக்கு அந்தப் பக்கம்

யோகேஸ்வரியும் நானும் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரே சேலைக் கடையில் நின்றவர்கள். 'நின்றவர்கள்' என்று சும்மா சொல்லவில்லை. விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். கடையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். நான் வாய்க்காரி, துணி மடிக்கிற சாக்கில் குந்திக்கொள்வேன். அவள் சொன்னதைச் செய்கிற பிறவி. நின்று நின்று முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகப் புடைத்துவிட்டது. இப்படியே நின்றால் புண் வரும், பிறகு நடக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவள் உட்கார்ந்து செய்கிற வேலை தேடத் தொடங்கினாள்.

வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தொலைபேசி எடுக்க ஆள் தேவைப்பட்டது. தமிழில் நன்றாகக் கதைக்க வேண்டும், சிங்களம் விளங்கினால் போதும். இவளுக்கென்றே செய்து வைத்த வேலை. என்ன பிரயோசனம்? இடையில் இன்டர்வியூ என்று ஒன்று இருக்கிறதே! முன்பு ஒரு கம்பனிக்குப் போனபோது, பெயரைக் கூப்பிட்டதும், அது வேறு யாருடைய பெயரோ என்பது போல எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜிந்துப்பிட்டிச் சந்தியில் மூன்று கடைக்காரரோடு ஒரே நேரத்தில் பேரம் பேசுகிறவள்தான்.

இந்தத் தடவை ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அவள் தம்பி கார்த்திகன், கோட்டுப் போட்ட ஒருவர் மூச்சுவிடக் கற்றுத்தருகிற வீடியோவை ஃபோனில் காட்டினான். அவள் அம்மா பழனியம்மா முருகன் கோயில் திருநீற்றை மடித்துக் கைப்பையில் வைத்தார். எனக்கு இதிலெல்லாம் பொறுமை இல்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில், துணிக்கட்டுகளுக்குப் பின்னால் அவளை இருத்தி, எங்கள் முஸ்லிம் வீட்டுத் தமிழிலேயே நானே அதிகாரி ஆனேன்.

"ஏன் இப்ப ஈக்கிற வேலைய விடப் போறீங்க?"

"கால் வலிக்குது மேடம்."

"அடியே, அப்பிடிச் செல்லாத! நோயாளியத்தான் வேலைக்கு எடுக்கப் போறாங்களா? சனத்தோட கதைக்க விருப்பம்னு செல்லு."

கேட்ட கேள்விக்கெல்லாம் தமிழில் பதில் தண்ணீர்பட்ட பாடாகும் வரை விடவில்லை. நல்ல வாத்தியார்தான் என்று எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

உள்ளே நடந்ததை அவள் சொன்னபடி சொல்கிறேன். வரிசையில் இருந்து மூச்சுப் பயிற்சி செய்யப் போய் தலை சுற்றியிருக்கிறது. பயிற்சியைக் கைவிட்டு, இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி, சீமெந்தின் குளிரை மட்டும் நினைத்துக்கொண்டு இருந்தாளாம். பெயர் கூப்பிட்டார்கள். இந்த முறை எழும்பி உள்ளே போனாள். பெரிய மேசை. அந்தப் பக்கம் கிளெமென்ற் என்ற அதிகாரியும், தாதிமாருக்குப் பொறுப்பான ஒரு அம்மாவும். இருவரும் தமிழர்.

"உங்களப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார் அவர், தமிழில்.

"மகே நம யோகேஸ்வரி, சேர்" என்று பெயரைச் சொன்னாள் இவள், சிங்களத்தில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "தமிழ் கதைப்பீங்கதானே?" என்று அந்த அம்மா கேட்டார். "கதைப்பேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதுவும் சிங்களமாகவே வந்தது. தமிழ் வேலைக்கு வந்து, தமிழர் முன்னால் இருந்து, தமிழில் ஒரு வார்த்தை வரவில்லை! கேட்டுக்கொண்டிருந்த எனக்கே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் அவள் ஓடவில்லை. கால்களை மறுபடி தரையில் அழுத்தி, மெதுவாகச் சொன்னாளாம்:

"சேர், எனக்கு இப்ப ரொம்பப் பயமா இருக்கு. பயந்தா எனக்குச் சிங்களம்தான் வருது. சின்ன வயசுல அம்மாவோட அடையாள அட்டை எடுக்கப் போனேன். அம்மா தமிழ்ல கேட்டாங்க, மேசையில இருந்தவங்க தள்ளி நிக்கச் சொன்னாங்க. நான் சிங்களத்துல கேட்டேன், வேலை நடந்துச்சு. அதுல இருந்து வீட்டுல எல்லாருக்கும் நான்தான் போய்க் கதைக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தாலே நாக்கு அப்படித் திரும்பிடுது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் தமிழில் பேசியது அவளுக்கே தெரிந்தது. பயம் போகவில்லை. ஆனால் அதை ஒளிக்கிற வேலை இல்லாமல் போனதால் மூச்சு தானாக வந்ததாம்.

கிளெமென்ற் சிரிக்கவில்லை. "இங்க ஃபோன் பண்ணிக் கேக்கிற எங்கட சனத்துக்கும் இப்பிடித்தான். தெரியாத சிங்களத்தில தடுமாறுவாங்க. என்ன செய்வீங்க?"

"அவங்க சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்பேன் சேர். பிறகு நான் தமிழ்ல கதைப்பேன். அவங்களுக்கும் வந்துடும்."

வேலை கிடைத்தது. நான் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்றையும் அவர்கள் கேட்கவில்லை. நான் பதில்களைத்தான் பழக்கினேன். என் முன்னால் அவளுக்கு எந்தக் காலத்தில் பயம் வந்தது, அதைப் பழக்குவதற்கு? அவள் போன பிறகு கடையில் எனக்குப் பேச்சுத் துணை இல்லை. முதலாளிக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம் குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ கட்டி போலக் கையில் தட்டுப்பட்டது. கணவரிடம் சொல்லவில்லை. பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. நாளைக்குப் போகும், நாளைக்குப் போகும் என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை. ஒரு பகல், கடையின் பின்பக்கம் போய் அந்த வெள்ளவத்தை ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினேன். அவள் அங்கே இருக்கிறாள் என்ற நினைவே அந்த நேரம் எனக்கு இல்லை. காது அடைத்திருந்தது. யாரோ ஒரு பெண் எடுத்தாள்.

"நங்கி, மட டொக்டர்வ ஹம்பவென்ன ஓனே..." என்று தொடங்கினேன். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஊரையே வாயால் விற்கிற இந்தப் பர்ஸானா, பிறந்ததிலிருந்து சிங்களம் பேசுகிறவள், பாதியில் திக்கி நின்றேன்.

அந்தப் பக்கம் அவசரப்படுத்தவில்லை. நான் முற்றாக நிற்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு,

"அம்மா, தமிழ்லயே சொல்லுங்க. ஆறுதலா சொல்லுங்க, நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்."

"யோகேஸ்" என்றேன். அந்தக் கட்டியைப் பற்றி அப்போதுதான் முதன்முதலாக இன்னொருவரிடம் சொன்னேன்.