கெட்ட செய்திக்கு நல்ல நேரம்

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் நான் மேனேஜரான முதல் வருடம் அது. ஒரு திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். இப்போதெல்லாம் யார் துணி எடுத்துத் தைத்துப் போடுகிறார்கள், சட்டைத்துணிப் பிரிவை மூடிவிடலாம், அங்கே நிற்கிறவரிடம் பக்குவமாகச் சொல்லி சனிக்கிழமைக்குள் அனுப்பிவிடு என்றார். அந்தப் பக்குவம்தான் என்னைப் படுத்தியெடுத்தது.

எங்கள் கடையில் ராகு காலத்தில் புது பண்டலைக்கூடப் பிரிக்கமாட்டார்கள். ஒரு மனுஷனை வேலையை விட்டு அனுப்ப நேரம் பார்க்காமல் இருக்கலாமா? செவ்வாய் அஷ்டமி. புதன் நவமி. வியாழக்கிழமை காலண்டர் சுத்தமாக இருந்தது, வேறு சாக்கு தேட வேண்டியிருந்தது. நைசாக அவருடைய நட்சத்திரத்தை விசாரித்தேன். சந்திராஷ்டமம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கவுண்டருக்குப் பின்னால் போய் நின்று தனியாகச் சிரித்தேன். வெள்ளிக்கிழமை கேட்கவே வேண்டாம், அன்றைக்குக் கடையிலிருந்து பழைய அட்டைப்பெட்டிகூட வெளியே போகாது.

சொல்லாத ஒவ்வொரு நாளும் குற்ற உணர்ச்சியில் அவருக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் பஜ்ஜி, ஒரு நாள் கேசரி, ஒரு நாள் வாழைப்பூ வடை. பட்டினப்பாக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், கூச்சப்பட்டுக்கொண்டே சாப்பிடுவார். சேலைப் பிரிவுப் பெண்கள் எனக்கு ப்ரமோஷனா அவருக்கு ப்ரமோஷனா என்று பந்தயம் கட்டினார்கள். நானும் ஏதோ பரிசு கிடைத்தவன் மாதிரி மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை தப்ப வழியில்லை. ராகு காலம் முடிந்ததும் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸுக்குப் போனேன். வாயைத் திறந்தேன், இட்லி வந்தது. மறுபடி திறந்தேன், சாம்பார் வாளி வந்தது. மூன்றாம் முறை சர்வர் ரவா தோசை சொல்லட்டுமா என்றார், நான் நன்றியோடு இரண்டு சொன்னேன். காபியும் குடித்தாயிற்று. இனிமேல் வர ஒன்றுமில்லை என்ற நிலையில், மேஜையைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஆறு நாள் பாரம் இறங்கியதில், வெட்கக்கேடு, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. மேற்கு மாம்பலத்தில் அவருடைய பழைய சிநேகிதர் ஸ்கூல் யூனிஃபார்ம் கடை திறக்கிறாராம். ஒரு வாரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

"இன்னிக்கு காலைலதான் சார் வரலன்னு சொன்னேன். நீங்க இவ்ளோ பாசமா கீறீங்களேன்னு."

நான் பதறி, உடனே போன் பண்ணுங்கண்ணே என்றேன். அவர் என் முன்னாலேயே, கை கழுவும் இடத்தில் சுவரைப் பார்த்து நின்று பேசினார். வேறு ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாக அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. அவர் தணிந்த குரலில், பொண்ணு காலேஜ் படிக்குது, பாத்து செய்யுப்பா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் திங்கட்கிழமை வரச்சொல்லிவிட்டார்கள். நான் சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அவர் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"நேத்து சொல்லியிருந்தா, அவனே கூப்ட்ட வேலைக்கு கெத்தா போயிருப்பேன் சார்."