ஷல்பியா உட்காரும் விதம்

துனிஸ் நகரத்தில் தலெந்தாவை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மீன் வாங்கப் போனால்கூடக் கடைக்காரர், "ஷல்பியா, ஒரு தடவை துள்ளிக் காட்டேன், மத்தி மீன் சும்மாவே தரேன்" என்பார். பதினோரு ரமலான்கள், நோன்பு திறந்து சூப் ஆறுவதற்குள் தொடங்கிவிடும் தொலைக்காட்சித் தொடரில் அவர்தான் வேலைக்காரி ஷல்பியா. சமையலறைத் தரையில் ஒரு காலை மடித்து, மறுகாலைக் குத்திட்டு, கரண்டியும் கையுமாக உட்காருவார். உள்ளேயிருந்து எஜமானி கூப்பிட்டதும் வாய் நிறைய கூஸ்கூஸ் என்கிற ரவைச் சோற்றோடு துள்ளி எழுவார். ஊரே சிரிக்கும்.

இடையில் நண்பர்கள் கைக்காசில் எடுத்த ஏழு படங்களில் நடித்தார். ஒன்றில் மகனைப் பறிகொடுத்தவள், ஒன்றில் சிறை வாசலில் நிற்பவள். நாற்பது நாற்காலி போட்ட மன்றங்களில் ஓடிய படங்கள். அங்கேயும் அவர் அழத் தொடங்கினால் பின்வரிசையில் யாராவது சிரித்துவிடுவார்கள். நாற்பத்தாறு வயதில் தொடரை விட்டார். நகரை ஒட்டிய பார்தோவில் பூட்டிக் கிடந்த பெற்றோர் வீட்டிலேயே ஒரு படம் இயக்கப் போவதாகச் சொன்னார். வேலைக்காரியைப் பற்றிய படம். யாரும் சிரிக்க முடியாத படம்.

அதில் நான் உதவி இயக்குநர். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலை கேட்கக் கிளம்பிய அன்று அம்மா சொன்னாள்: "மன்னானா மகள்னு சொல்லு. அந்தப் பொண்ணை இடுப்புல தூக்கிச் சுமந்தவ நான். இல்லைன்னு சொல்லமாட்டா." பத்து வயதில் ஃபெர்னானா மலையிலிருந்து அந்த வீட்டு வேலைக்கு வந்து, பதினான்கு வருடம் அங்கே இருந்தவள் அம்மா.

நான் சொல்லவில்லை. தகுதியால் கிடைத்த வேலையாக இருக்கட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

படப்பிடிப்பின் மூன்றாம் நாள், கதாநாயகிக்கு அந்த உட்காருதல் வரவில்லை. தலெந்தாவே தரையில் உட்கார்ந்து காட்டினார். விளக்குக்காரர்கள் சிரித்தார்கள். மெதுவாக மறுபடி காட்டினார். மறுபடி சிரிப்பு. எழுந்து சுவரைப் பார்த்து நின்றார்.

"இது என்னோடது இல்ல. இந்த வீட்ல மன்னானான்னு ஒருத்தி இருந்தா. அவ சாப்பிடறதை நடிச்சுக் காட்டித்தான் விருந்தாளிங்ககிட்ட கைத்தட்டல் வாங்குவேன். எட்டு வயசு எனக்கு. கதவோரமா நின்னு அவளும் தட்டுவா." என் பக்கம் திரும்பினார். "நிஹெல், அவளைத் தேடிப் பிடி. அவளே வந்து உட்காரட்டும். இல்லேன்னா இந்தப் படமே வேண்டாம்."

எங்கள் வீட்டில் ஷல்பியாவைப் பார்த்து அதிகம் சிரித்தவள் நான்தான். பக்கத்தில் அம்மா அதே மாதிரி கால் குத்திட்டு உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருப்பாள். இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டு நாள் தேடுவதாக நடித்தேன். பிறகு அம்மாவிடம் போனில், "வா. ஆனா என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே" என்றேன்.

அம்மா கேட்டாள்: "சரி. உனக்கு ரொட்டி சுட்டு எடுத்துட்டு வரட்டுமா? இல்ல, அதுவும் கூடாதா?"

அம்மா வந்ததும் தலெந்தா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார். "கிழவியாயிட்டியே மன்னானா!"

"நீங்க மட்டும் குமரியா லல்லா? டிவியில குதிச்ச குதிக்கு முட்டி தேஞ்சிருக்குமே!"

பிறகு என்னைப் பார்த்து, "எங்க உட்காரணும், லல்லா?" என்று கேட்டாள். எஜமானிகளைக் கூப்பிடும் சொல் அது. எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். நான் விரலால் தரையைக் காட்டினேன்.

அவள் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியதும் ஒருவரும் சிரிக்கவில்லை. தான் சிறுவயதில் அவளைக் கூப்பிட்ட அதே தாழ்வாரத்தில் நின்று தலெந்தா கூப்பிட்டார்: "மன்னானா!"

அம்மா துள்ளி எழுந்தாள். தட்டு கவிழ்ந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள், பதினோரு ரமலான் பழக்கம். நானும் சிரித்தேன்.

தலெந்தா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, சிந்திய கூஸ்கூஸைக் கையாலேயே கூட்டி அள்ளினார். "என்னை மன்னிச்சுடு."

"எதுக்கு லல்லா? தட்டுதானே கவுந்துச்சு."

இன்னொரு முறை எடுக்கலாமா என்று ஒளிப்பதிவாளர் கேட்டார். "கூப்பிட எனக்கு வாய் வராது," என்றார் தலெந்தா. "வேற தட்டுல போட்டுக் கொடு நிஹெல். யாரும் கூப்பிடப் போறதில்லன்னு சொல்லு. சாப்பிட்டு முடிக்கட்டும், அதுவரைக்கும் கேமரா ஓடட்டும்."

தட்டை அம்மா முன்னால் வைத்தேன். "இவங்க என்னைப் பெத்த அம்மா," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. தலெந்தா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேமராவை ஓடவிடச் சொன்னார். அம்மா நிமிரவே இல்லை.

அந்தக் காட்சி படத்தில் நான்கு நிமிடம் வருகிறது. யாரும் கூப்பிடவில்லை. இருந்தும் கடைசி வாய் வரை அவளுடைய கால் குத்திட்டே இருக்கிறது. கண் கதவிலேயே இருக்கிறது. அரங்குகளில் யாரும் சிரிப்பதில்லை. தலெந்தா இயக்குநரானது அந்த நான்கு நிமிடத்தில்தான் என்கிறார்கள்.

அதைப் படம்பிடித்த அன்று மாலை அம்மாவைப் பேருந்து ஏற்றிவிடப் போனேன். பையிலிருந்து ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீ சிரிச்சா மூக்கால ஒரு சத்தம் வரும். சின்னதுலேர்ந்தே அப்படித்தான்," என்றாள். "அத்தனை பேர் சிரிச்சாங்களே, அதுல உன் சிரிப்பு மட்டும் எனக்குத் தனியாக் கேட்டுச்சு."